வேலையை விடுவதற்கு முன் வேலையைப் பங்கிடுங்கள்

கேள்வி கேட்டவர் மும்பை ஆன்டாப்ஹில் மத்திய அரசுக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு தாய். மத்திய அரசு ஊழியர். நாலரை வயது மகனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர்கள் உறுதிசெய்திருக்கிறார்கள். பேச்சு இன்னும் ஒருசில சொற்களைத் தாண்டவில்லை. மூத்தவள் ஒன்பது வயது மகள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் கணவர் காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புகிறார். திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்து தங்கியிருக்கிறார். பயிற்சி மையத்தில் "வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா, எல்லாருமாக ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறார்.

வேலையை இப்போது விடாதீர்கள். ஊருக்குத் திரும்புவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன் வீட்டுக்குள் தீர்க்க வேண்டியவை சில இருக்கின்றன. இந்த நகரத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பல தமிழ்க் குடும்பங்களை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். குழந்தையின் குறைபாட்டால் நொறுங்கிய குடும்பம் அபூர்வம். அந்தக் குழந்தைக்கான அத்தனை வேலையும் ஒரே ஆளின் தலையில் விழுந்து, அந்த ஆள் நொறுங்கி, பிறகு வீடு நொறுங்கியதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஆள் பெரும்பாலும் அம்மாதான். நீங்கள் வேலையை விட்டால் அந்த ஏற்பாடு நிரந்தரமாகிவிடும். "அவள் வீட்டில்தானே இருக்கிறாள்" என்ற ஒரு வாக்கியம் போதும், மற்ற எல்லாரும் விலகிக்கொள்வதற்கு.

அரசு ஊழியர் என்பதால் உங்கள் கையில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். குழந்தை பராமரிப்பு விடுப்பு உங்கள் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். ஒரு காலண்டர் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் எடுக்க முடியாது. ஒரு முறைக்குக் குறைந்தது ஐந்து நாள். பொதுவாகப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரைதான் இந்த விடுப்பு. மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் வயது வரம்பு கிடையாது. உங்கள் நிலையில் பலர் செய்வது என்னவென்றால், மருத்துவர் சொன்ன அதிர்ச்சியில் ஒரே மூச்சில் ஓராண்டை எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பையனுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதாகும்போது உடம்பு மாறும், கோபம் மாறும், பள்ளியும் கைவிரிக்கலாம். அந்தக் காலத்துக்கு விடுப்பு மிச்சம் வேண்டும். உங்கள் மகளுடைய பத்தாம் வகுப்பும் இதே 730 நாளுக்குள்தான் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, பணியிட மாற்றம். மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிக்கும் ஊழியருக்கு, நிர்வாகச் சூழலுக்கு உட்பட்டு, வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று மத்திய பணியாளர் துறை 2014 ஜூன் மாதம் ஆணை பிறப்பித்திருக்கிறது. அது பொதுவாக ஏற்கப்படுகிற கோரிக்கைதான், கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை. குழந்தைகள் கல்விப்படியும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இரு மடங்கு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ராஜினாமாக் கடிதம் எவ்வளவு விலை உயர்ந்த காகிதம் என்று புரியும்.

இனிப் பங்கீடு. உங்கள் கணவருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் என்ன வேலை கொடுக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். காகித வேலை முழுவதையும் கொடுங்கள். அதில் உங்கள் கை படவே வேண்டாம். முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழும் அதோடு வரும் தனித்துவ அடையாள அட்டையும். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் குழந்தையைக் காட்ட வேண்டும். ஆட்டிசத்துக்கு இந்திய மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று உண்டு. நாற்பது கூற்றுகளைக் கொண்டது. அதில் 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம் என்று கணக்கு. 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. சட்டப்படி குறைபாடு 40 சதவீதம் எட்டினால்தான் பெரும்பாலான சலுகைகள். மதிப்பீட்டு நாளன்று பையன் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்று பெற்றோர் வேண்டிக்கொள்வதும், முந்தைய நாளே "சார் கூப்பிட்டால் பார்க்க வேண்டும்" என்று பழக்குவதும் இந்த ஊரில் வாடிக்கை. பரீட்சை மனப்பான்மை நம்மை விடாது. வீட்டில் எப்படி இருக்கிறானோ அதை அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் எடுத்த சிறு காட்சிகளைக் கொண்டுபோங்கள்.

சான்றிதழ் வாங்கினால் மகளுக்கு நாளை வரன் அமையாது என்று உங்கள் அத்தை, அதாவது மாமியார், சொல்லக்கூடும். அநேகமாக எல்லா வீட்டிலும் இது வருகிறது. சான்றிதழை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. அது கோப்புக்குள் இருக்கும் காகிதம். தேவைப்படும் அலுவலகத்துக்கு மட்டும் காட்டுவது. ஆனால் அது இல்லாமல் நாளை தேர்வில் கூடுதல் நேரமோ எழுதித்தர ஆளோ கேட்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் (ஆறு வயது முதல் பதினெட்டு வரை, அருகிலுள்ள பொதுப் பள்ளியிலோ நீங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ) அந்த 40 சதவீதத்தைச் சார்ந்துதான் இருக்கிறது.

கணவரின் கோப்பில் அடுத்தது, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது; தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்தும் வழக்கம் இல்லாதவருக்கு இதனால் பயனில்லை, ஆகவே ரசீதுக் கோப்பும் அவருடையதே. பிறகு வருமான வரியில் 80டிடி என்று எல்லாரும் சொல்லும் கழிவு: 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. உண்மையில் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதைப் பார்க்காமல் முழுத்தொகையும் கழியும், ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். எந்த முறை லாபம் என்று கணக்குப் போடுவதும் அவர் பொறுப்பு.

காகிதம் மட்டும் போதாது. ஞாயிறு காலை குழந்தை முழுக்க அவரிடம் இருக்கட்டும். நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் மூன்றாவது நிமிடம் "அவன் அப்படிச் சாப்பிடமாட்டான், கிண்ணத்தை மாற்றுங்கள்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பீர்கள். அப்பாக்கள் பின்வாங்குவதற்குப் பாதிக் காரணம் அக்கறையின்மை. மறு பாதி, எப்போதும் திருத்தப்படுவது. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போங்கள், தோழி வீட்டுக்குப் போங்கள், எங்காவது உட்கார்ந்து காபி குடியுங்கள். முதல் சில வாரங்கள் வீடு அலங்கோலமாகத்தான் இருக்கும். இரவும் இப்படித்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தூக்கம் ஒரு பெரிய சிக்கல். இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளையாடுகிற குழந்தையோடு இருவருமே விழித்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை. முறை வைத்துக்கொள்ளுங்கள், முறையில்லாதவர் அடுத்த அறையில் தூங்கட்டும். சில வாரங்கள் ஆகியும் சீராகவில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். தூக்கமில்லாத பெற்றோர் எடுக்கும் எந்த முடிவும் (வேலையை விடுவது உட்பட) நம்பத்தக்கதல்ல.

மொழிக்கு வருகிறேன். "ஆங்கிலம் மட்டும்" என்ற அறிவுரைக்குப் பின்னால் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது: குழந்தை குழம்பக் கூடாது. ஆனால் அது ஆய்வுகளோடு ஒத்துப்போகவில்லை. கனடா உள்ளிட்ட நாடுகளில் இருமொழி வீடுகளில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒருமொழி வீட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்; இரண்டாவது மொழியால் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதாகத் தெரியவில்லை. இழப்பு வேறு பக்கம் நிகழ்கிறது. உங்கள் வீட்டில் பையனிடம் நாள் முழுக்கப் பேசக்கூடியவர் யார்? அத்தைதான். அவருக்கு ஆங்கிலம் வராது. ஆங்கிலம் மட்டும் என்றால் அவர் வாயை அடைத்துவிட்டீர்கள். அக்காவும் தம்பியும் சண்டை போடுவது தமிழில். நீங்கள் அயர்ந்துபோய்க் கொஞ்சுவதும் தமிழில். யோசித்து யோசித்து அம்மா பேசும் ஆங்கிலத்தில் ஏற்ற இறக்கமும் இருக்காது, விளையாட்டும் இருக்காது. குழந்தை சொல்லைப் பிடிப்பதற்கு முன் இவற்றைத்தான் பிடிக்கிறது.

ஆகவே வீட்டில் தமிழ் பேசுங்கள், குறைவாகவும் தெளிவாகவும். "தண்ணி வேணுமா கண்ணா, தாகமா இருக்கா, டம்ளர்ல தரவா" என்று கொட்டாமல், டம்ளரைக் காட்டி "தண்ணி" என்று சொல்லி நிறுத்துங்கள். காத்திருங்கள். பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், வீட்டில் அன்றாடம் புழங்கும் சொற்களில் ஒரு இருபதை அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். நல்ல பயிற்சியாளர் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார், வாங்க மறுப்பவரைப் பற்றி நான் இரண்டு முறை யோசிப்பேன். பள்ளிக்கு ஆங்கிலமும், மாடிப்படியில் இந்தியும் மராத்தியும் தாமாக வரும். மும்பை மாநகராட்சியே எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிற ஊர் இது, தமிழும் அதில் ஒன்று. இங்கே யாரும் ஒற்றை மொழியில் வளர்வதில்லை.

வேண்டியதைக் காட்டிக் கேட்கப் படஅட்டைகள் கொடுத்தால் பேசவே மாட்டான் என்ற பயமும் பல வீடுகளில் உண்டு. பேச்சுக்குப் பதிலாக அட்டை என்று யாரும் சொல்லவில்லை. கேட்க ஒரு வழி கிடைத்த குழந்தை அடிப்பதையும் கடிப்பதையும் குறைத்துக்கொள்கிறது. அட்டைகளால் பேச்சு தடைப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

தெரபி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி), சிறப்புக் கல்வி, நடத்தைப் பயிற்சி என்று எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கி, ஆட்டோவிலேயே குழந்தையின் மாலைப் பொழுதைக் கழிக்கிற வீடுகள் ஏராளம். இந்த மூன்று மாதத்துக்கு எது முதல் குறிக்கோள் என்று கேளுங்கள். வகுப்புக்குள் நான் உட்காரலாமா, இதை வீட்டில் எப்படிச் செய்வது என்றும் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, முடிவில் "இன்று நன்றாகச் செய்தான்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, எந்த இடத்தில் குழந்தை தானாக முன்வந்தது என்று சேர்ந்து பார்த்தார்கள். பெற்றோர் குழந்தைக்கு இசைவாக நடப்பதும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடின. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சியும் (ஒன்பது குழு வகுப்பு, மூன்று முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது) இதே அடிப்படையில் அமைந்ததுதான். உங்கள் பகுதியிலிருந்து எளிதில் போகக்கூடியவை என்றால், சிவ்டியில் ஜெய் வக்கீல் இருக்கிறது. 1944 முதல் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக நடக்கும் நிறுவனம். பாந்திராவில் அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் தேசிய நிறுவனம். உம்மீத் என்ற குழந்தை வளர்ச்சி மையமும் 2001 முதல் இந்த நகரத்தில் இயங்குகிறது. குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது அதன் வழக்கம்.

அத்தையைப் பற்றி நீங்கள் எழுதியதில் கொஞ்சம் கசப்பு தெரிந்தது. போன் கொடுத்ததால்தான் இப்படி, வேலைக்குப் போனதால்தான் இப்படி என்கிறார். இரண்டும் ஆட்டிசத்துக்குக் காரணம் அல்ல. அம்மாவின் பாசக் குறைவே காரணம் என்று ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் மேலைநாட்டு மருத்துவர்களே சொல்லி, பிறகு கைவிட்ட கதை உண்டு. ஆனால் இதை நீங்கள் சொன்னால் வாக்குவாதம். மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது அத்தையையும் அழைத்துச் சென்று, அவர் கேள்வியை அவரே கேட்கட்டும். வெள்ளைக் கோட்டுக்கு உள்ள மரியாதை மருமகளுக்குக் கிடையாது, என்ன செய்வது.

அவருக்கு ஒரு வேலையும் பட்டமும் கொடுங்கள். கையில் "நண்டூருது நரியூருது" என்று விரலை ஊரவிட்டுக் கடைசியில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு உங்கள் அத்தைக்கு அத்துப்படியாக இருக்கும். அதை அப்படியே செய்யட்டும், ஒரு மாற்றத்தோடு: கிச்சுகிச்சுவுக்கு முன் விரலை நிறுத்திவிட வேண்டும். பையன் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் வரை, அல்லது ஏதாவது ஒலி எழுப்பும் வரை, கையை அசைக்கக் கூடாது. மையத்தில் பணம் கொடுத்துக் கற்பதும் கிட்டத்தட்ட இதுதான். செம்பூர் செடா நகர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறாரா, போகட்டும். விசேஷ நாளைத் தவிர்த்து, கூட்டமில்லாத நேரத்தில். ஜி.டி.பி. நகரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் போவதென்றால் நெரிசல் குறைந்த முற்பகலில் போகலாம். மாற்றுத்திறனாளிப் பெட்டியும் இருக்கிறது. நேர்த்திக்கடனுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் மருந்தை நிறுத்துவது, உடம்பிலிருந்து உலோகம் எடுக்கிறோம் என்று ஏற்றும் மருந்து, ஸ்டெம்செல் ஊசி, இவற்றுக்கு வீட்டில் யார் சொன்னாலும் இடம் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரிலேயே கூறிவிட்டது. நகையை விற்று இதற்குப் பணம் கட்டிய குடும்பங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன.

மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள்: "அவள் சமர்த்து, தொந்தரவே இல்லை." என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி அது. ஒன்பது வயதுக் குழந்தை தொந்தரவே செய்யவில்லை என்றால், வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவள் முடிவு செய்திருக்கலாம். தம்பிக்கு என்ன என்று அவளிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். மறைத்தால் அவளாக ஒரு கதை கட்டிக்கொள்வாள், பெரும்பாலும் தன்னால்தான் என்று. பள்ளியில் தோழிகள் கேட்டால் சொல்ல ஒரு பதிலையும் கொடுத்துவிடுங்கள்: "அவனுக்குப் பேச்சு மெதுவாக வரும், சத்தம் பிடிக்காது." போதும். வாரத்தில் ஒரு மாலை உங்களில் ஒருவர் அவளோடு மட்டும் இருக்க வேண்டும்; தம்பியைப் பற்றிய பேச்சே அதில் கூடாது. "எங்களுக்குப் பிறகு நீதானே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற வசனத்தை எந்த உறவினரும் அவள் காதில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்குப் பதினெட்டு வயதானபிறகு சட்டப்படி காப்பாளர் நியமனம் என்று ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர்க் குழு அதைச் செய்யும். அதை அன்றைக்குப் பெரியவர்கள் பேசித் தீர்மானிக்கலாம்.

குடியிருப்பில் இருப்பவர்களுக்கு எவ்வளவு சொல்வது? பக்கத்து வீடு, கீழ் வீடு, காவலாளி, இந்த மூன்று பேருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பையன் கதவைத் திறந்து இறங்கிப் போனால் முதலில் பார்க்கப்போவது அவர்கள்தான். கணபதி நாட்களில் டோல் தாஷா மேளம் அதிரும்போது அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினால், அதை அடம் என்று நினைத்து யாரும் அறிவுரை சொல்ல வராமலிருக்கவும் அது உதவும். சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி ஒன்றை இப்போதே வாங்கி, வீட்டில் தினமும் சில நிமிடம் போட்டுப் பழக்குங்கள். ஊர்வலத்தன்று முதல்முறையாகப் போட்டால் அதையும் கழற்றி எறிவான்.

இனித் திருநெல்வேலி. நிபுணர்கள், மருத்துவமனை, பள்ளி என்று பார்த்தால் மும்பையை விட்டுப் போக எந்தக் காரணமும் இல்லை. ஆட்கள் என்று பார்த்தால் காரணம் இருக்கலாம். அங்கே நாத்தனாரோ கொழுந்தனாரோ உண்மையிலேயே வாரத்தில் இரண்டு நாள் குழந்தையை வைத்துக்கொள்வார்களா, அல்லது விசேஷத்துக்கு வந்து "இன்னும் பேசவில்லையா" என்று கேட்டுவிட்டுப் போவார்களா? இது உங்களுக்கு மட்டுமே தெரியும், ஒருவேளை உங்களுக்குமே தெரியாது. கணவர் இங்கே, நீங்கள் அங்கே என்ற ஏற்பாடென்றால் என் பதில் கண்டிப்பாக வேண்டாம் என்பதே. பங்கிட இருந்த ஒரே ஆளையும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டுப் போவீர்கள். குடும்பமாகப் போகும் எண்ணம் என்றால், மகளின் கோடை விடுமுறையோடு ஒட்டி, குழந்தை பராமரிப்பு விடுப்பில் இரண்டு மாதம் மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே இருந்து பாருங்கள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை, அருகில் எந்தப் பயிற்சி கிடைக்கிறது, பையன் எப்படித் தூங்குகிறான் என்று கவனியுங்கள். கணவரும் முடிந்தவரை விடுப்பெடுத்து வந்து இருக்கட்டும். அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவோ, இங்குள்ள பயிற்சி மையத்தில் பெயரை நீக்கவோ வேண்டாம்.